வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் கடலூர் வீட்டுக்கு வீடியோ காலிங்பெல் பொருத்தலாமா?

பெற்றோர் இருவர் மட்டும் வசிக்கும் தனி வீட்டுக்கு, வாசலில் நிற்பவரை மொபைலில் காட்டும் வீடியோ காலிங்பெல் வாங்க நினைப்பதாகவும், எந்த மாடலில் படம் தெளிவாக இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொருத்தலாம் என்பதே என் பதில். ஆனால் படத்தின் தெளிவைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். மின்சாரம் எங்கிருந்து வரும், வைஃபை கேட் வரை எட்டுமா, கடற்காற்றையும் வெயிலையும் அது எப்படித் தாங்கும் ஆகிய மூன்றுக்கும் வழி செய்துவிட்டால் இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான மாடல்கள் முகத்தைப் போதுமான அளவு காட்டிவிடும்.

நான் வேலை நிமித்தமாகப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். அம்மா கடலூரில், தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ள எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். 2023 கோடையில் அங்கே ஒரு வீடியோ பெல்லைப் பொருத்தினோம். பொருத்த வந்த இளைஞர் கேட் தூணில் இருந்த பழைய பெல் ஸ்விட்சைக் கழற்றி, "ரெண்டு ஒயர்தான் சார், அப்படியே இதுல குடுத்துடலாம்" என்றார். நான் டெஸ்டரை வைத்துப் பார்க்கச் சொன்னேன், பளிச்சென்று எரிந்தது. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் பெல் ஸ்விட்சுக்கே 230 வோல்ட் மின்சாரம் நேராக வருகிறது. ஒயர் வைத்த வீடியோ பெல்களில் பலவும் அமெரிக்க வீடுகளின் வழக்கப்படி 16 முதல் 24 வோல்ட் வரையிலான மின்சாரத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. அங்கே பெல்லுக்கென்றே தனி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். எங்கள் பெட்டியில் இருந்த கையேட்டிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. அன்று அந்த இரண்டு ஒயரையும் இணைத்திருந்தால் கருவி புகைந்திருக்கும், தொட்டவர் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு வீட்டுக்குள் இன்வெர்ட்டர் லைனில் ஒரு 18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை வைத்து, அங்கிருந்து குழாய் வழியாகத் தூண் வரை தனி ஒயர் இழுத்தோம். அதற்கு அரை நாள் வேலை ஆயிற்று.

பேட்டரியில் இயங்கும் மாடலை வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை என்பது உண்மை. ஆனால் தெருவில் ஆள் நடமாடும்போதெல்லாம் விழித்துப் பதிவு செய்வதால், பரபரப்பான தெருவில் பெட்டியில் எழுதியிருக்கும் காலத்துக்கு முன்பே பேட்டரி தீர்ந்துவிடும். அதைக் கழற்றி சார்ஜ் போட்டு மீண்டும் மாட்டுவது உங்கள் பெற்றோரால் முடிகிற காரியமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். மேலும், லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. அக்னி நட்சத்திர வெயில் நேராக விழும் தூணில் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் கூடு எவ்வளவு சூடேறும் என்பதைக் கையை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

வைஃபையைப் பொறுத்தவரை, வாங்குவதற்கு முன்பே ஒரு சோதனை செய்துவிடலாம். கேட்டைச் சாத்திவிட்டு, தூணுக்கு அருகில் நின்று, மொபைல் டேட்டாவை அணைத்து, வீட்டு வைஃபையில் யாருக்காவது வீடியோ கால் செய்யுங்கள். படம் உறைந்து உறைந்து வந்தால் பெல்லிலும் அப்படித்தான் வரும். பல பெல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது என்றாலும் பழைய வீட்டுத் தடித்த சுவர்களைத் தாண்டுவதற்குள் வலுவிழந்துவிடும். நாங்கள் ரூட்டரை உள் அறையிலிருந்து முன் தாழ்வாரத்துக்கு மாற்றினோம், அத்துடன் குறை தீர்ந்தது.

கடற்கரை ஊருக்கே உரிய தொல்லை உப்பு. தூசியையும் தண்ணீரையும் கருவி எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் ஐபி65 என்ற குறியில் 6 என்பது தூசியும், 5 என்பது குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரும் உள்ளே போகாது என்பதைச் சொல்கின்றன. உப்பு அரிப்பைப் பற்றி அந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை. பெட்டியோடு வந்த திருகுகள் முதல் மழைக்காலம் முடிவதற்குள் துருவேறி, சுண்ணாம்புச் சுவரில் பழுப்புக் கோடுகளாக வழிந்திருந்தன. 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு வாங்கி மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. அதில் கலந்துள்ள மாலிப்டினம் உப்பு அரிப்பைத் தடுக்கிறது. லென்ஸின் மீது படியும் மங்கலை வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது, சிலந்தி வலையையும் சேர்த்துத்தான். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது ஒற்றை இழை கூடத் திரை முழுவதும் வெள்ளைக் கயிறு போலத் தெரியும். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது என்பதால் மாலை நான்கு மணிக்கு மேல் வருபவர் முகம் கரிய நிழலாகவே தெரிந்தது. அடியில் ஆப்பு போன்ற ஒரு துண்டை வைத்துக் கருவியைச் சற்று வடக்கே திருப்பியதும் சரியாயிற்று. தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரம் போதும். அதற்கு மேல் வைத்தால் தலைமுடிதான் நன்றாகத் தெரியும்.

வேறொன்றை நான் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பொருத்திய முதல் வாரம், தினமும் காலை ஆறு மணிக்குள் என் மொபைலில் பத்துப் பதினைந்து அறிவிப்புகள் வந்து குவிந்தன. அம்மா வாசல் தெளித்துக் கோலம் போடுவதைக் கருவி ஒவ்வொரு அசைவாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து நடமாடுகிறார் என்று நான் மகிழ்ந்து, போனில் அதை உளறியும் விட்டேன். "நான் கோலம் போடுறத அங்கேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை என்றாலும், அடுத்த இரண்டு நாள் வாசலுக்கு வரும்போது சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டே வந்தார். அன்றே அசைவு அறிவிப்பை நிறுத்திவிட்டேன். பெல்லை அழுத்தினால் மட்டும் எனக்குச் செய்தி வருகிறது. எதிர் வீட்டுத் திண்ணையையும் படத்தில் தெரியாதபடி மறைத்து, அவர்களிடமும் சொல்லிவிட்டேன். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் சொந்த வீட்டு உபயோகத்துக்காகச் செய்வதற்கு விலக்கு அளிக்கிறது என்றாலும், தினமும் முகம் பார்க்கும் அக்கம்பக்கத்தாரிடம் சட்டம் பேச முடியாது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நீதிமன்றத்தில் 2021இல், அண்டை வீட்டார் பொருத்திய வீடியோ பெல், கேமராக்கள் பற்றிய ஒரு வழக்கில் புகார் செய்தவர் பக்கமே தீர்ப்பு வந்தது. கருவிகள் வெகு தொலைவுப் பேச்சையும் பதிவு செய்ததை நீதிபதி கடுமையாகப் பார்த்தார். ஆகவே ஒலிப்பதிவை நிறுத்தும் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள். பெல்லின் மொபைல் ஆப் கணக்குக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்கள்.

உங்கள் பெற்றோருக்குப் பயன்படுமா என்பதற்கு எங்கள் வீட்டு அனுபவம் ஒன்று. பால்காரரோ, பூக்காரம்மாவோ, பக்கத்து வீட்டாரோ ஒருநாளும் பெல்லை அழுத்துவதில்லை. எல்லோரும் குரல் கொடுத்துத்தான் கூப்பிடுகிறார்கள். பெல் அடித்தாலே அநேகமாக அறிமுகமில்லாத ஆள் என்று பொருள். அதனால் பெல் ஒலித்ததும் அம்மா கேட்டுக்கு ஓடாமல், தாழ்வாரத்தில் உட்கார்ந்தபடியே மொபைலில் முகத்தைப் பார்த்து, "யாருங்க, என்ன வேணும்?" என்று கேட்கப் பழகிவிட்டார். இதற்கு மொபைல் ஒலியை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டுக்குள் உரக்க ஒலிக்கும் தனி சைம் ஒன்றையும் இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்டுங்கள். ரூட்டருக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு வேண்டும்.

பழைய பெல்லையும் எடுத்துவிடாதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, எங்கள் பக்கம் இன்டர்நெட் திரும்பி வர நாளானது. அதுவரை வீடியோ பெல் தூணில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் சார்ஜ் இருந்தவரை பழைய பெல்தான் அடித்தது. இப்போது தூணில் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. வருபவர்களில் பாதிப்பேர் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் அழுத்திவிடுகிறார்கள்.