குடியை நிறுத்த உதவும் கூட்டங்களுக்கு முதன்முறை போவது எப்படி?

குடியை விட நினைக்கிறீர்கள். கூட்டத்தில் என்னென்ன கேட்பார்களோ என்று தயங்குகிறீர்கள். முழுப் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 1935இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று பல நாடுகளில் இயங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வோரின் அமைப்பில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம்தான். கட்டணமும் கிடையாது. கூட்டங்களின் இடம், நேரம் அவர்களின் இணையதளத்தில் இருக்கும். இணையவழிக் கூட்டங்களும் உண்டு. ‘திறந்த கூட்டம்’ என்றிருந்தால் துணைக்கு வீட்டாரையும் அழைத்துப் போகலாம். முதல் தடவைக்கு அதையே சொல்வேன்.

துணி அலமாரியில் பாட்டிலை ஒளித்த கதையை ஒருவர் சொல்வார். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எதிரே இருப்பவர் மெல்லத் தலையாட்டுவார், அவரும் ஒளித்தவர்தான். உங்கள் முறை வந்தால், “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்றால் போதும். அந்தக் குழு ஒத்துவராவிட்டால் வேறொன்றுக்குப் போய்ப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். கூட்டம் சிகிச்சைக்கு மாற்று அல்ல.