கிராபிக்ஸ் கார்டு பொருத்தியதும் இரண்டாவது மானிட்டரில் படம் வரவில்லையா?

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் இன்டெல் கோர் ஐ5-10400 புராசஸர் உள்ளது. இதுவரை மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ, விஜிஏ இணைப்புகளில் இரண்டு மானிட்டர்களை வைத்திருந்தேன். அண்மையில் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு பொருத்தி, புதிய மானிட்டரை அதில் இணைத்தேன். விஜிஏ மட்டுமே உள்ள பழைய மானிட்டர் மதர்போர்டிலேயே இருக்கிறது. அதில் 'நோ சிக்னல்' என்றே வருகிறது. எது பழுது?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் எதுவும் பழுதாகியிருக்க வாய்ப்பில்லை. மதர்போர்டில் உள்ள விஜிஏ இணைப்புக்குப் படத்தைத் தருவது புராசஸருக்குள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் ஆகும். தனிக் கார்டு ஒன்று பொருத்தப்பட்டதைக் கண்டவுடன் பல மதர்போர்டுகள், வேறு கட்டளை இல்லாத நிலையில், அந்த உள்ளமைந்த கிராபிக்ஸைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. ஆகவே விண்டோஸில் எவ்வளவு தேடினாலும் இதற்குத் தீர்வு கிடைக்காது. விண்டோஸுக்கு முன்பே இயங்கும், மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில்தான் மாற்ற வேண்டும்.

கணினியை இயக்கியவுடன் டெலீட் விசையை (சில மதர்போர்டுகளில் எஃப்2) அழுத்தி பயாஸுக்குள் செல்லுங்கள். ஆசஸ் மதர்போர்டுகளில் அட்வான்ஸ்டு பகுதியில் சிஸ்டம் ஏஜென்ட் கான்ஃபிகரேஷன், அதற்குள் கிராபிக்ஸ் கான்ஃபிகரேஷன் என்று சென்றால் 'ஐஜிபியூ மல்டி-மானிட்டர்' என்ற வரி இருக்கும். எம்எஸ்ஐ மதர்போர்டுகளில் இதன் பெயர் 'ஐஜிடி மல்டி-மானிட்டர்'; கிகாபைட்டில் 'இன்டர்னல் கிராபிக்ஸ்' என்பதைப் பாருங்கள். அதை 'எனேபிள்டு' என்று மாற்றி, சேமித்து வெளியேறுங்கள். அதே பக்கத்தில் 'பிரைமரி டிஸ்ப்ளே' என்ற வரியும் இருந்தால், அதைத் தனிக் கார்டைக் குறிக்கும் 'பெக்' அல்லது 'பிசிஐஇ' என்பதிலேயே விட்டுவிடுங்கள். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு: தவறுதலாக மாற்றிவிட்டால் பயாஸ் திரை பழைய மானிட்டருக்குப் போய்விடும்; புதியதில் ஒன்றும் தெரியாததால் கார்டு எரிந்துவிட்டதாக நினைத்துப் பலர் பதறுகிறார்கள்.

விண்டோஸ் திறந்தபின் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ் இன்டெல் யுஎச்டி கிராபிக்ஸ் 630, ஜிடிஎக்ஸ் 1650 ஆகிய இரண்டும் தெரிய வேண்டும். இன்டெல் டிரைவர் இல்லையென்றால் அதையும் நிறுவுங்கள். இரு நிறுவனங்களின் டிரைவர்கள் ஒன்றோடொன்று மோதும் என்ற அச்சம் விஸ்டா காலத்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் அவை ஒரே கணினியில் இணைந்தே இயங்குகின்றன. பிறகு விண்டோஸ் விசையுடன் பி விசையை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

புராசஸர் பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து இருந்தால், அதாவது ஐ5-10400எஃப் என்றால், இந்த வழி பயன்படாது. அதில் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது. உங்களுடையது முன்பு மதர்போர்டு வழியாகவே படம் காட்டியதால் அந்த ஐயம் தேவையில்லை.

இருப்பினும், இரண்டு மானிட்டர்களையும் கார்டிலேயே இணைப்பதுதான் சிறந்தது என்பது என் கருத்து. ஒரு கார்டு உருவாக்கும் படத்தை இன்னொன்றின் மானிட்டரில் காட்ட, ஒவ்வொரு பிரேமையும் நகலெடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. மின்னஞ்சலுக்கு இது பொருட்டல்ல, ஆனால் விளையாட்டுச் சாளரத்தை அந்தப் பக்கம் இழுத்தால் வேகம் குறையலாம். தடையாக இருப்பது விஜிஏதான். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசை முதலே, விஜிஏக்குத் தேவையான அனலாக் வெளியீடு கைவிடப்பட்டது. உங்கள் கார்டில் டிவிஐ என்ற வேறு வகை மானிட்டர் இணைப்பு இருந்தாலும் அது டிஜிட்டல் மட்டுமே தரும் டிவிஐ-டி வகை. டிவிஐயில் செருகும் மலிவான விஜிஏ முனையில் அனலாக் பின்கள் நான்கு கூடுதலாக இருப்பதால் அது அதில் பொருந்தவே பொருந்தாது, வலிந்து செருகாதீர்கள். டிஸ்ப்ளேபோர்ட் அல்லது எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும், உள்ளே மாற்றிச் சில்லு உள்ள அடாப்டரை வாங்குங்கள். வாங்கும்போது திசையையும் பாருங்கள்: விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கருவி பார்ப்பதற்கு ஏறக்குறைய இதைப் போலவே இருக்கும், ஆனால் எதிர்த்திசையில் வேலை செய்யாது.