மாத்திரையை நிறுத்திவிட்டு எடுக்கும் டெஸ்ட் பொய் சொல்லும்

கேள்வி: வயது 41. எச்.ஐ.வி.க்கு நான்கு வருடமாக டி.எல்.டி. மாத்திரை (டெனோஃபோவிர், லேமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்தது) எடுக்கிறேன். இத்தனை நாள் வைரஸ் தென்படவில்லை; போன மாதம் வைரல் லோடு (இரத்தத்தில் வைரஸின் அளவு) 1,800. மருந்துக்கு வைரஸ் பழகிவிட்டதா என்று வைரஸின் மரபணு சோதனையில் தெரியும் என இணையத்தில் படித்தேன். சோதனை சரியாக வரட்டும் என்று பத்து நாளாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறேன். எடை கூடியிருக்கிறது. விசித்திரமான கனவுகள் வருகின்றன. மூட்டு வலிக்குக் கால்சியமும், சோர்வுக்கு இரும்புச் சத்து மாத்திரையும் கடையில் வாங்கி, எல்லாவற்றையும் படுக்கப்போகும்போது சேர்த்துப் போட்டுவிடுவேன். இனி எனக்கு மருந்தே இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மருந்து இருக்கிறது. டி.எல்.டி.யை இன்றே மறுபடி ஆரம்பியுங்கள், நாளைக்கே ஏ.ஆர்.டி. மையத்துக்கு (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) போங்கள்.

நிறுத்தினால் சோதனை தெளிவாக வரும் என்று யார் எழுதினார்களோ, நேர்மாறாக எழுதியிருக்கிறார்கள். மருந்தை எதிர்க்கும்படி மாறிய வைரஸ் பெரும்பாலும் பலவீனமானது. மருந்து இருக்கும்வரைதான் அதன் கை ஓங்கியிருக்கும். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய வைரஸ் பெருகி அதை மூடிவிடும். வழக்கமான மரபணு சோதனை, இரத்தத்தில் உள்ள வைரஸில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் மாற்றத்தைப் பெரும்பாலும் பிடிக்காது. 'எதிர்ப்பு இல்லை' என்று அறிக்கை வரும். மாறிய வைரஸோ உடம்பின் செல்களுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் மருந்து எடுக்கும்போதே, தவறினால் நிறுத்திய நான்கு வாரத்துக்குள், இந்தச் சோதனையைச் செய்கிறோம்.

சோதனையில் பார்ப்பது, மருந்துகள் குறிவைக்கும் நொதிகளின் மரபணு எழுத்துகளை. உதாரணமாக, ஒரு நொதியின் 184ஆம் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்திருந்தால் லேமிவுடினின் வீரியம் பெரிதும் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆனால் உங்களுக்கு இது முதல் வேலையே இல்லை. நான் முதலில் சந்தேகப்படுவது அந்தக் கால்சியத்தையும் இரும்பையும்தான். வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் இரண்டும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்ளும். மருந்து இரத்தத்துக்குக் குறைவாகவே போய்ச் சேரும். யாரையும் கேட்காமல் கடையில் வாங்கிய சத்து மாத்திரை, நான்கு வருட சிகிச்சையைக் கெடுக்கப் பார்க்கிறது! சாப்பாட்டோடு எடுத்தால் மூன்றையும் சேர்த்துப் போடலாம். இல்லையென்றால் கால்சியம், இரும்புக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோதான் டி.எல்.டி. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்துக்கு எப்போதுமே இந்த இடைவெளி வேண்டும், சாப்பாட்டோடு எடுத்தாலும்கூட.

எடை கூடுவது இந்த மருந்தில் பலருக்கும் நடப்பது. கனவுக்கு, மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டுமே நிறுத்துவதற்குக் காரணம் இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒரே எண். ஒரு வேளையும் விடாமல் மூன்று மாதம் எடுத்த பிறகு மறுபடி வைரல் லோடு பாருங்கள். அப்போதும் 1,000க்கு மேல் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மருந்தை மாற்றுவது பற்றியும் மரபணு சோதனை பற்றியும் மையத்தில் முடிவு செய்வார்கள். டோலுடெக்ராவிரை வைரஸ் எதிர்ப்பது அரிது. பழைய எச்.ஐ.வி. மருந்தான எஃபவிரென்ஸை வெல்ல வைரஸுக்கு ஒரே மாற்றம் போதும், இது அப்படியில்லை. எதிர்த்தாலும் டாருனாவிர் போன்ற அடுத்தகட்ட மருந்துகள் அரசு மூலமே இலவசமாகக் கிடைக்கின்றன.

அந்த எண் இறங்கும்வரை ஆணுறை கட்டாயம். மையத்துக்குப் போகும்போது கால்சியம், இரும்பு அட்டைகளையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.