ஒன்பது பேரில் ஒரு பெண் போதுமா?

கேள்வி: கிழக்கு லண்டனில் எங்கள் கால்பந்து கிளப்புக்கு ஆண்கள் அணி, பெண்கள் அணி, சிறுவர் அணிகள் என மூன்றும் உண்டு. நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர், அத்தனை பேரும் ஆண்கள். மானிய விண்ணப்பத்தில் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். இது கட்டாயமா? ஒரு பெண்ணைச் சேர்த்தால் போதுமா?

பதில்: உங்கள் அளவிலான கிளப்புக்குக் கட்டாயம் இல்லை. குழுவில் குறைந்தது 30% பெண்கள் இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லும் விதி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விளையாட்டு நிர்வாக நெறிமுறையில் இருக்கிறது. அரசு வழியாகப் பெருந்தொகை பெறும் எஃப்.ஏ. (இங்கிலாந்து கால்பந்துச் சங்கம்) போன்ற அமைப்புகளைத்தான் அது கட்டுப்படுத்தும். தொழில்முறை கிளப்புகளுக்காக எஃப்.ஏ. 2020 அக்டோபரில் தனியாக ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. மூத்த பொறுப்புகளுக்குப் புதிதாக எடுப்பவர்களில் 30% பெண்கள் என்பது அதன் இலக்காக இருந்தது. விரும்பிய கிளப்புகள் அதில் சேர்ந்தன. இருப்பவர் யாரும் எழுந்து போகாத குழுவில் இந்த இலக்கால் எதுவும் நகராது.

அதற்காக, தானாக நடக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1921-இல் தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்ட எஃப்.ஏ., அதை விலக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. கேரன் பிரேடி என்ற பெண் 1993-இல் தம் 23 வயதில் பர்மிங்ஹாம் சிட்டி கிளப்பின் நிர்வாக இயக்குநரானார். அதற்குப் பிறகும், எஃப்.ஏ. குழுவில் முதல் பெண்ணாக ஹெதர் ரபாட்ஸ் அமர 2011 ஆகிவிட்டது. டெபி ஹியூவிட் எஃப்.ஏ.வின் முதல் பெண் தலைவரானது 2022-இல்.

ஒரு பெண் போதாது. தனியாக இருப்பவர் எதைச் சொன்னாலும் அது ‘பெண்கள் தரப்பு’ ஆகிவிடும். மைதானக் குத்தகையைப் பற்றி அவர் கேட்கும் நல்ல கேள்விகூட எடுபடாது. பெருநிறுவன இயக்குநர் குழுக்களை ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று, மூன்று பெண்கள் இருக்கும்போதுதான் பேச்சின் போக்கே மாறுகிறது என்று கண்டது. உங்கள் ஒன்பதில் 30% என்பதும் கிட்டத்தட்ட மூன்றுதான்.

அந்த மூவரை வெளியே தேடுவதற்கு முன் கிளப்புக்குள்ளேயே பாருங்கள். வீரர் பதிவு, சந்தா வசூல், பெற்றோருக்குத் தகவல் அனுப்புவது எல்லாம் யார் கையில் இருக்கிறது? சிறுவர் அணி வைத்திருப்பதால் உங்களிடம் குழந்தைகள் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும். பல கிளப்புகளில் அவர் ஒரு பெண்; கூட்டத்தில் அறிக்கை படிப்பார், வாக்கு கிடையாது. உங்கள் கிளப் விதிகளைப் புரட்டி அந்தப் பொறுப்புக்கு வாக்குரிமை உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் பொதுக்குழுவில் முதல் தீர்மானம் அதுவாக இருக்கட்டும்.

அடுத்தது பெண்கள் அணி. ஜனவரி மழையில் ஒரே ஒரு ஆடுகளம்தான் தேறுகிறது என்று வையுங்கள். ஆண்கள் ஆட்டம் நடக்கும், பெண்கள் ஆட்டம் தள்ளிப்போகும். அதை முடிவு செய்தது வாட்ஸ்அப்பில் நான்கு பேர். இப்படித் தள்ளிவைக்கப்படும் அணியிலிருந்து ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் லூயிஸ் எஃப்.சி., 2017-இல் தன் ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டுக்கும் சமமான விளையாட்டு பட்ஜெட் ஒதுக்கியது. இரு அணிகளும் ஒரே மைதானத்தில்தான் ஆடுகின்றன.

மூன்றாவது இடத்துக்கு, தெரிந்தவரிடம் கேட்டு முடித்துவிடாமல் வெளிப்படையாக விளம்பரம் செய்யுங்கள். ‘கால்பந்து அனுபவம் தேவை’ என்று எழுதாதீர்கள். கணக்கு, சட்டம், மானிய விண்ணப்பம் என உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் திறமையை எழுதுங்கள். இரவு ஒன்பது மணிக்கு பப்பில் கூட்டம் வைத்தால் சிறு குழந்தை உள்ள யாரும் வரமாட்டார்கள், அப்பாக்களும்தான். மாலை ஏழு மணிக்கு, ஆன்லைனிலும் சேரும்படி வையுங்கள்.

இடம் எப்படிக் காலியாகும்? இப்படி ஒரு விதி வையுங்கள்: மூன்றாண்டுப் பதவிக்காலம், ஆண்டுக்கு மூன்று பேர் தேர்தலுக்கு, ஒருவருக்கு அதிகபட்சம் ஒன்பது ஆண்டு. மேலே சொன்ன 2017 நெறிமுறையின் உச்சவரம்பும் ஒன்பதுதான். நிறுவியவர்கள் முகம் சுளிக்கலாம். அவர்களைத் தள்ளுகிறோம் என்ற பேச்சு வராமலிருக்க, விதி எல்லாருக்கும் ஒரே நாளில் தொடங்கட்டும். பெண்களுக்கென்றே இடம் ஒதுக்க நினைத்தால், விதியைத் திருத்துமுன் உங்கள் கவுண்டி எஃப்.ஏ.விடம் (வட்டாரக் கால்பந்துச் சங்கம்) கேட்டுவிடுங்கள், சமத்துவச் சட்டத்தில் சில எல்லைகள் உண்டு.

வருகிற பெண்களை விழா, டீ, ஜெர்சி என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒருவரையாவது வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவராகச் சேருங்கள். முதல் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கடந்த ஆண்டு வரவு செலவும் குத்தகைப் பத்திரமும் மூவர் கையிலும் இருக்கட்டும்.