கலைஞர் கருணாநிதி எந்தத் தேர்தலிலும் தோற்றதில்லை என்பது உண்மையா?

கேள்வி இதுதான்: “கருணாநிதி தான் போட்டியிட்ட சட்டமன்றத் தேர்தல் எதிலும் தோற்றதே இல்லை என்கிறார்களே, உண்மையா? உண்மையென்றால் எப்படி முடிந்தது?”

உண்மைதான். 1957இலிருந்து 2016 வரை 13 தடவை நின்றார், 13 தடவையும் வென்றார். இதோடு நான் எழுந்து போகலாம். ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இந்தப் பதின்மூன்றை வைத்து நடந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை. சித்தப்பாவுக்குக் கலைஞர் என்றால் உயிர். அப்பாவோ எண்ணைப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். திருச்சி வானொலியில் முடிவுகளைக் கேட்டு ஒரு சீ.ஆர். கொப்பியில் குறித்து வைப்பார், பிறகு பத்திரிகை வந்ததும் சரிபார்ப்பார். வென்றவர் பெயரைவிட எத்தனை வாக்கு வித்தியாசம் என்பதுதான் அவருக்குப் பெரிது. அந்தக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது.

இங்கே இலங்கையில் விருப்பு வாக்கோடு (கட்சிக்குப் போட்டுவிட்டு, அதன் பட்டியலில் பிடித்தவர்களுக்கும் போடும் முறை) வளர்ந்த பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர். ஒரு வாக்குக் கூடினாலும் வெற்றி, ஒரு வாக்குக் குறைந்தாலும் வீடு. எங்கள் நாட்டில் கடைசியாக அப்படி நடந்த பொதுத்தேர்தல் 1977. அந்த முறையில் பெரிய தலைகளே உருளும். தமிழரசுக் கட்சியின் தந்தை செல்வா 1952இல் காங்கேசன்துறையில் தோற்றார். அதே கட்சியின் அமிர்தலிங்கம் 1970இல் வட்டுக்கோட்டையில் தோற்றார். அந்தப் பக்கம் பார்த்தால் அண்ணா 1962இல் காஞ்சிபுரத்தில், காமராஜர் 1967இல் விருதுநகரில், ஜெயலலிதா 1996இல் பர்கூரில். (எம்.ஜி.ஆரும் தோற்றதில்லை. அப்பா இதைச் சொல்லாமல் விடமாட்டார். ஆனால் அவர் நின்றது ஐந்து சட்டமன்றத் தேர்தல்கள்தான்.)

கருணாநிதியின் கணக்கு குளித்தலையில் தொடங்குகிறது. 1957இல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் இறங்கியபோது 15 பேர் உள்ளே போனார்கள், அவர்களில் 32 வயதான இவரும் ஒருவர். வித்தியாசம் 8,296. சட்டமன்றத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அந்தத் தொகுதியின் நங்கவரம் விவசாயிகளைப் பற்றியது. அடுத்த தேர்தலில் இந்தப் பதினைந்து பேரையும் திரும்பி வரவிடக் கூடாது என்று காமராஜர் வரிந்து கட்டிக்கொண்டு வேலை செய்தார். 1962இல் கட்சி 50 இடங்களுக்கு வளர்ந்தது, ஆனால் பழைய பதினைந்து பேரில் மீண்டு வந்தவர் கருணாநிதி ஒருவர்தான். அதுவும் குளித்தலையில் அல்ல. தஞ்சாவூருக்கு மாறி, காங்கிரசின் பரிசுத்த நாடாரை 1,928 வாக்குகளில் வென்றார்.

இந்த ‘மாறி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்பாவின் வாதம் முழுவதும் இதில்தான் நிற்கிறது.

1967இலும் 1971இலும் சைதாப்பேட்டை. 1977இலும் 1980இலும் அண்ணா நகர். 1989இலும் 1991இலும் துறைமுகம். 1996, 2001, 2006 மூன்றும் சேப்பாக்கம். 2011இலும் 2016இலும் திருவாரூர். முதல் இரண்டையும் சேர்த்தால் மொத்தம் ஏழு தொகுதிகள். இனி வித்தியாசங்களைப் பாருங்கள். அவருடைய ஆகக் குறைந்த மூன்று வெற்றிகள்: அண்ணா நகர் 1980இல் 699, துறைமுகம் 1991இல் 890, தஞ்சாவூர் 1962இல் 1,928. இந்த மூன்று தொகுதிகளிலும் அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மயிரிழையில் தப்பிய இடத்துக்குத் திரும்பிப் போகமாட்டார். இதை அப்பா கண்டுபிடித்த நாளில் சித்தப்பாவுக்கு முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியாது.

சித்தப்பா விடவில்லை. “அண்ணை, நிலம் பார்த்து நெல் விதைக்கிறது தப்பே?” என்றார். தப்பில்லைதான். எங்கே நின்றால் வெல்லலாம் என்று தெரிவதும் அரசியல் தொழிலில் ஒரு பகுதி. ஆனால் அந்தத் தெரிவு கட்சித் தலைவருக்குத்தான் உண்டு, சாதாரண உறுப்பினருக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1980ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அந்த வருடம் ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க., இந்திரா காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டில் 39க்கு 37 இடம் எடுத்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. இனி கருணாநிதிதான் முதலமைச்சர் என்று இங்கேகூடக் கதைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது எல்லாம் தலைகீழ். எம்.ஜி.ஆர். திரும்பவும் ஆட்சிக்கு வந்தார். அண்ணா நகரில் டாக்டர் ஹண்டே கருணாநிதியை விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போனார். கொப்பியில் அந்த வரிக்குப் பக்கத்தில் அப்பா சிவப்புப் பேனையால் ‘350 பேர்’ என்று எழுதிக் கீழே கோடு போட்டிருக்கிறார். அதாவது 350 பேர் மாற்றிப் போட்டிருந்தால் ஹண்டே வென்றிருப்பார். தோற்ற ஹண்டே பிறகு எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார அமைச்சரானார்.

1991 வேறு விதம். அந்த வருடத் தொடக்கத்தில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, மே 21ஆம் திகதி ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார், ஜூனில் வாக்களிப்பு. அலை எந்தப் பக்கம் அடித்தது என்று சொல்லத் தேவையில்லை. 234 இடங்களில் தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டு. 1989இல் அதே துறைமுகத்தில் 31,991 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர் இப்போது 890இல் கரையேறினார். துறைமுகம் தொகுதி என்றால் ஜார்ஜ் டவுன், மண்ணடி, சௌகார்பேட்டை எல்லாம் அடங்கிய வியாபாரப் பகுதி. எங்கள் புறக்கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட விளங்கும். வென்றவர் கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று அந்த இடத்தையும் விட்டு விலகினார்.

விலகியது அது முதல் தடவை அல்ல. எங்கள் வீட்டுச் சண்டை சூடாவது அந்த முதல் தடவையில்தான்.

1983 ஜூலையில் கொழும்பில் என்ன நடந்தது என்று நான் விளக்கப் போவதில்லை. நாங்கள் முகாமில் இருந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆகஸ்டில் ஊரில் இருந்தபோதுதான் செய்தி வந்தது: ஈழத்தமிழருக்காகக் கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்துவிட்டார்கள். அதே ஆகஸ்டில்தான் இங்கே பாராளுமன்றத்தில் ஆறாம் திருத்தம் நிறைவேறியது. பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய மறுத்து எங்கள் தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்களும் இடங்களை இழந்தார்கள். சித்தப்பா அன்று அழுதார். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு கொழும்புக்குத் திரும்பி, விறாந்தைச் சண்டை மறுபடி தொடங்கியபோது சித்தப்பா இதைத்தான் துருப்பாக இறக்குவார்.

“எங்களுக்காகப் பதவியைத் தூக்கி எறிஞ்ச மனிசன், அண்ணை.”

“எறிஞ்சவர்தான். அடுத்த வருசமே மேலவைக்குப் போனவர். அதையும் சேர்த்துச் சொல்லு தம்பி.”

அப்பா சொன்னது சரி. 1984இல் கருணாநிதி சட்ட மேலவை உறுப்பினராகிவிட்டார். அந்த வருடக் கடைசியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, இந்திரா காந்தி கொல்லப்பட்ட அனுதாபமும் சேர்ந்து அடித்த தேர்தல் அது. 1957க்கும் 2016க்கும் இடையில் தமிழ்நாட்டில் 14 சட்டமன்றப் பொதுத்தேர்தல்கள் நடந்தன. அவர் நிற்காத ஒன்றே ஒன்று அதுதான். அந்த மேலவையும் 1986இல் இல்லாமல் போனது.

இங்கே நான் அப்பாவோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. தந்தை செல்வா 1972இல் குடியரசு யாப்பை எதிர்த்துக் காங்கேசன்துறை இடத்தைத் துறந்தார். அரசு இடைத்தேர்தலை இழுத்தடித்து 1975இல்தான் வைத்தது. அதுவரை காத்திருந்து, அதே மக்களிடம் போய், பெருவாரியாக வென்றார். அப்பாவுக்கு அதுதான் அளவுகோல். ஆனால் செல்வா அதைச் செய்தது தன்னுடைய மக்களுக்காக, தன்னுடைய தொகுதியில். அண்ணா நகர் வாக்காளருக்குக் கொழும்பு எரிந்ததால் ஒரு வாக்குக் கூடவோ குறையவோ போவதில்லை. அப்படியிருந்தும் ஒருவர் இடத்தை விட்டாரென்றால் அதை அப்படியே வரவு வைக்கத்தான் வேண்டும். அடுத்த வருடம் மேலவைக்குப் போனதைப் பக்கத்து வரியில் எழுதலாம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996இல் சேப்பாக்கத்தில் பேச்சாளர் நெல்லை கண்ணனை 35,784இல் வென்றார். ஆட்சி போன 2001இல் வித்தியாசம் 4,834 ஆக இறங்கியது. 2006இல் 8,526. பிறகு தொகுதி மறுசீரமைப்பு. திருவாரூர் அதற்கு முன்பு தனித் தொகுதியாக (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியதாக) இருந்ததால் அங்கே அவர் நிற்க முடியாது. பொதுத் தொகுதியானதும் 2011இல் அங்கே போனார். பள்ளிக்கூடத்தில் சேர்க்காவிட்டால் கமலாலயக் குளத்தில் குதித்துவிடுவேன் என்று சின்ன வயதில் மிரட்டியதாக அவரே சொல்லிச் சிரித்த ஊர் அது. கட்சி தோற்ற அந்தத் தேர்தலில் அவருக்கு 50,249 வாக்கு அதிகம். 2016இல், 92 வயது நெருங்கும்போது, 68,366. அவருடைய வாழ்நாளில் ஆகப் பெரிய வித்தியாசம் அதுதான். சக்கர நாற்காலியில் பிரசாரம் செய்து வாங்கிய வாக்கு.

பலரும் கவனிக்காத இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த 13 வெற்றிகளில் கட்சி ஆட்சிக்கு வந்தது ஐந்தில்தான்: 1967, 1971, 1989, 1996, 2006. மற்ற எட்டிலும் அவர் வென்றும் எதிர்வரிசையில்தான் கட்சி உட்கார்ந்தது. தோற்காத மனிதர் என்ற பட்டம் ஆளுக்குப் பொருந்தும், கட்சிக்குப் பொருந்தாது.

2009 பற்றிக் கேட்பீர்கள், தெரியும். கொழும்பில் கருணாநிதியைப் பற்றி எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் போக முடியாது. ஏப்ரல் 27ஆம் திகதி காலை அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் இருந்தார். கனரக ஆயுதங்களைப் பாவிக்கமாட்டோம் என்று இலங்கை அரசு சொல்லிவிட்டது என்று மதியத்துக்குள் முடித்துக்கொண்டார். முள்ளிவாய்க்கால் அதற்குப் பிறகு. அன்றிலிருந்து சித்தப்பா ‘கலைஞர்’ என்று சொல்வதை நிறுத்தினார். கருணாநிதி என்பார், அதையும் கடினமாக. அப்பா அதற்கு ஒரு வருடம் முன்பே காலமாகிவிட்டார், இல்லாவிட்டால் சித்தப்பாவைச் சீண்டியிருப்பாரா, சும்மா இருந்திருப்பாரா என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு. கொப்பியில் 2011ஐயும் 2016ஐயும் எழுதியது நான்.

2018 ஆகஸ்ட் 7ஆம் திகதி இரவு செய்தி வந்தபோது சித்தப்பா எங்கள் வீட்டில்தான் இருந்தார். மெரினாவில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கொப்பியை எடுத்து வா என்றார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குளித்தலையிலிருந்து விரலை வைத்து எண்ணத் தொடங்கினார். 1980க்கும் 1989க்கும் நடுவே அப்பா 1984 என்று வருடத்தை மட்டும் எழுதி எதிரே வெறுமையாக விட்டிருந்த வரியில் விரல் நின்றது.

“இதில நிண்டிருந்தா வெண்டிருப்பாரோடா?” என்று கேட்டார்.

அண்ணா நகரில் என்றால் சந்தேகம்தான் என்றேன். “கொப்பன் மாதிரியே கதைக்கிறாய்” என்றுவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கினார்.