ரோமானிய ஊதாவுக்கு நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகக் குழு கி.பி. முதல் நூற்றாண்டு ரோமில் நடக்கும் ஒரு கதையை மேடையேற்றுகிறது. செனட்டர், அவர் மனைவி, சிறுவயது மகன், ஓர் அடிமை ஆகியோர்தான் முக்கியப் பாத்திரங்கள். எல்லோருக்கும் வெள்ளைப் பெட்ஷீட், செனட்டருக்கு மட்டும் ஊதாப் பட்டு, நகைக்குக் கவரிங் கடை என்பது எங்கள் திட்டம். சரியாக வருமா?

பதில்: செனட்டருக்கு முழு ஊதா வேண்டாம். டோகா என்பது ரோமானியர் உடலைச் சுற்றிப் போடும் மேலாடை. உடல் முழுக்க ஊதாவும் பொன் வேலையுமாக உள்ள டோகா, வெற்றி ஊர்வலம் வரும் தளபதிக்கும் பிற்பாடு பேரரசருக்கும் உரியது. செனட்டர் உடுத்தியது வெள்ளை டோகா. உள்ளே போடும் துனிக்கா என்ற அங்கியில்தான் அவருடைய ஊதா இருக்கும்: இரண்டு தோளிலிருந்தும் கீழ்விளிம்பு வரை இறங்கும் அகலமான பட்டைகள். பட்டை குறுகலாக இருந்தால் அவர் செனட்டருக்கு ஒரு படி கீழே உள்ள குதிரைவீரர் வகுப்பு. மகனுக்கு ஊதாக் கரை வைத்த சின்ன டோகா, கழுத்தில் புல்லா என்ற பொன் தாயத்து.

மனைவிக்கு டோகா கிடையாது. நீண்ட அங்கி, அதன் மேல் ஸ்டோலா என்ற மேலங்கி, வெளியே போகும்போது பல்லா என்ற போர்வை. இவை வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் உண்டு. அடிமைக்குச் சாயமேற்றாத பழுப்புத் துனிக்கா போதும். அடிமைகளுக்குத் தனி உடை வைக்கலாம் என்று செனட்டில் ஒருமுறை பேச்சு எழுந்ததாம். அடிமைகள், எஜமானர்களாகிய நம் தலைகளை எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் வந்ததாக ரோமானியத் தத்துவவாதி செனெக்கா எழுதியிருக்கிறார். உங்கள் கதையில் இதற்கு ஓர் இடம் கண்டுபிடியுங்கள்.

இனி அந்த ஊதா. கடையில் ஊதா கேட்டால் கத்தரிப்பூ நிறத்தை எடுத்துப் போடுவார்கள். ரோமானியர் உயர்வாக நினைத்தது அது அல்ல. உறைந்த ரத்தத்தின் நிறம், நேராகப் பார்த்தால் கறுப்பு, வெளிச்சத்தில் சாய்த்தால் மின்னும் என்கிறார் அந்த நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் பிளினி. மத்தியதரைக் கடலின் முரெக்ஸ் நத்தைகளைச் சேர்த்து, உப்பிட்டு ஊறவைத்து, நாட்கணக்கில் மிதமான சூட்டில் வைத்து எடுத்த சாயம் அது. 1909இல் ஃப்ரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்தது வெறும் 1.4 கிராம். கி.பி. 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் வெளியிட்ட விலை ஆணையில் ஒரு ராத்தல் ஊதாப் பட்டு 1,50,000 டெனாரி என்ற ரோமானியக் காசு. ஒரு ராத்தல் தங்கமே 72,000தான். பண்ணைக் கூலியாளுக்குச் சாப்பாடு போக நாளுக்கு 25.

அதனால் ரோமானிய உலகிலேயே போலி ஊதா தாராளமாகப் புழங்கியது. ஸ்டாக்ஹோமில் உள்ள, எகிப்தில் எழுதப்பட்ட பாப்பிரஸ் சுவடி ஒன்றில் அதற்கான செய்முறைகள் வரிசையாக இருக்கின்றன. எகிப்தில் கிடைத்த அக்காலத் துணிகள் பலவற்றைச் சோதித்தால் நத்தைச் சாயம் இல்லை. நீலத்தோடு மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பும் சேர்ந்த ஊதாதான் இருக்கிறது. நீங்களும் அதையே செய்யுங்கள். இது குறுக்குவழி அல்ல, அந்தக் காலத்துச் சாயக்காரரின் வழியே இதுதான்.

பட்டைக்கும் கரைக்கும் இரண்டு மீட்டர் மெல்லிய கம்பளித் துணி போதும். அவுரிச் சாயம் போடத் தெரிந்தவரிடம் கொடுத்து நடுத்தர நீலம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஐரோப்பியர் நீலம் எடுத்த செடி வேறு, ஆனால் அதிலும் அவுரியிலும் உள்ள சாயப்பொருள் ஒன்றேதான். அப்புறம் 100 கிராம் துணிக்கு 15 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டு எடுங்கள். படிகாரம் இல்லாவிட்டால் சிவப்பு பிடிக்காது. துணியின் எடைக்குச் சமமாக, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய மஞ்சிட்டிப் பொடியை முதல்நாள் இரவே ஊறவையுங்கள். மறுநாள் அந்த நீரில் துணியைப் போட்டு மெல்லச் சூடாக்குங்கள். கொதிக்க விடக்கூடாது, கொதித்தால் பழுப்பு ஏறிவிடும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. பருத்தியில் செய்வதானால் படிகாரத்துக்கு முன்னால் கடுக்காய் நீரில் ஊறவைக்க வேண்டும். எதுவானாலும் முதலில் ஒரு துண்டில் செய்து பாருங்கள்.

நகையில் செனட்டருக்கு ஒரு முத்திரை மோதிரம், அவ்வளவே. மனைவிக்குக் கவரிங் கடையில் கல் வைத்த அட்டிகை வாங்காதீர்கள். பட்டை தீட்டிப் பளபளக்கும் கல் அந்தக் காலத்துக்கு ஒட்டாது. மரகதத்தின் அறுகோணப் படிகத்தை அப்படியே துளையிட்டுப் பொன் சங்கிலியில் கோத்தார்கள். நீளமான பச்சைக் கண்ணாடி மணிகள் அதற்கு ஈடாகும். வெளிர்நீலப் பெரில் மணியும் சேர்க்கலாம். பெரில் இந்தியாவில்தான் விளைகிறது, பிற இடங்களில் அரிது என்பது பிளினியின் கணக்கு. கொங்கு நாட்டுப் படியூரில் அந்தக் கல்லை வெட்டி எடுத்தார்கள், கொடுமணலில் மணியாக்கினார்கள். காதுக்குக் கம்பியில் தொங்கும் இரண்டு முத்துகள். நடக்கும்போது அவை ஒன்றோடொன்று மோதி எழுப்பும் ஒலியையே ரோமப் பெண்கள் ரசித்தார்களாம்.

டோகாவுக்குப் பெட்ஷீட் ஆகாது, மடிப்பு விழாது. கனமான காடாத் துணியைக் கஞ்சி போக அலசி, நேர்விளிம்பு 5 மீட்டர், நடுவில் 2 மீட்டர் ஆழம் வரும்படி ஏறக்குறைய அரைவட்டமாக வெட்டித் தையுங்கள். ஒரு முனையை இடது தோளிலிருந்து முன்பக்கம் பாதம்வரை தொங்கவிட்டு, மிச்சத்தை முதுகைச் சுற்றி வலது கைக்கு அடியில் கொண்டுவந்து மறுபடி இடது தோளில் போட வேண்டும். ஊசி, பின் எதுவும் கிடையாது. இடது கை முழுநேரமும் துணியைப் பிடித்திருக்கும் என்பதால், செனட்டராக நடிப்பவர் முதல் ஒத்திகையிலிருந்தே இதைக் கட்டிக்கொண்டு வசனம் பேசட்டும்.