வேலைக்கு நடுவே பக்தியை எப்படிக் கடைப்பிடிப்பது?

ஷிஃப்ட் வேலையால் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குக்கூடப் போக முடியவில்லை, பக்தி குறைகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிந்தபோது போங்கள், சரி. நான் முதலில் பார்ப்பது வீட்டைத்தான். வெளிநாட்டுப் பணிப்பெண் இருக்கிறாரா? 2023-இலிருந்து இங்கே மாதத்துக்கு ஒரு நாளாவது அவருக்குக் கட்டாய ஓய்வு, பணம் கொடுத்து அதை ஈடுகட்ட முடியாது. மற்ற வார ஓய்வு நாள்களில் அவர் சம்மதித்தால் கூடுதல் சம்பளம் கொடுத்து வேலை வாங்கச் சட்டம் இடம் தருகிறதுதான், ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற முதலாளியிடம் அவர் பயமில்லாமல் 'முடியாது' என்று சொல்ல முடிகிறதா? அப்புறம், விரதம் உங்களுக்குத்தான், அவர் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள் (இதையும் சொல்லவேண்டியிருக்கிறது!). நேரம் கிடைத்தால் அன்னதானத்துக்குப் போய்ப் பாத்திரம் கழுவுங்கள், பரிமாறத்தான் எல்லாரும் வருவார்கள்.